வார்டரின் பெருவிரல்

"காலை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டுங்க ஐயா. கூச்சப்படாதீங்க, கைதிங்க யாரும் கடிக்க மாட்டோம்."

வார்டர் கூச்சப்பட்டுத்தான் நீட்டினார். அந்தச் சிறையில் எத்தனையோ பேரைக் கம்பிக்கு உள்ளே தள்ளியவர், இன்று தன் உடம்பில் ஒரு காலை மட்டும் தள்ளியிருந்தார். மீதி வார்டர் தாழ்வாரத்தில் ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தார்.

வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, தேய்ந்துபோன சோப்புத் துண்டு மாதிரி இருந்தது. பூட்ஸ் போட்டால் உயிர் போகும்.

"பூஞ்சை பிடிச்சிருக்கு," என்றான் உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த கைதி. அவனை எல்லாரும் 'மெருகு' என்பார்கள். வெளியே இருந்தபோது பாத அழகு நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவன். அவன் கைபட்டதும் வாடிக்கையாளர்களுக்குக் கண் சொக்கிவிடும். அவர்கள் கழற்றி வைத்த மோதிரங்களும் கூடவே சொக்கிப்போய் அவன் சட்டைப்பையில் விழுந்துவிடும். அதனால்தான் இங்கே இருக்கிறான்.

"டாக்டர் என்ன சொன்னாரு ஐயா?"

"இந்தப் பூச்சு மருந்தைக் குடுத்தாரு. வாரம் ஒரு தடவை நகத்தைத் தேய்ச்சு, ஸ்பிரிட்ல துடைச்சு, இதைப் பூசிக் காயவிடணுமாம். என் வயித்தைத் தாண்டி என் காலு எனக்கு எட்டினாத்தானே? பொண்டாட்டிகிட்ட நீட்டினேன். இதுக்கா எங்கப்பா என்னைக் கட்டிக்குடுத்தாருன்னு எழுந்து போயிட்டா."

"நம்ம ஜெயில் டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"காட்டினா லாயக்கில்லைன்னு எழுதிடுவாரு. அடுத்த தலைமை வார்டர் நான்தான். அதுக்கு உடல் தகுதித் தேர்வு வரப்போகுது, வெறுங்காலோட நடந்து காட்டணும். அதுல போச்சுன்னா, ரிட்டயர் ஆகிறவரைக்கும் ஸ்டோர்ல உட்கார்ந்து போர்வை மடிக்க வேண்டியதுதான்." குரலைத் தாழ்த்தினார். "வெளியே தெரிஞ்சா உன் தோலை உரிச்சிடுவேன்."

"முதல்ல நகத்தை உரிச்சு முடிப்போம் ஐயா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்தப் பக்கம் வேற யாரையும் வரவிடாதீங்க, அது போதும்."

வார்டர் ஈ காக்கையைக்கூட வரவிடவில்லை.

அதற்காக அவரை ஏமாளி என்று நினைத்துவிடக் கூடாது. இரும்பு அரம் கேட்டதற்கு முறைத்தார். அட்டையில் மணல் ஒட்டிய அரம்தான் கொண்டுவருவார். வேலை முடிந்ததும் அதைக் கையோடு வாங்கி, ஒடித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் பூட்ஸ் மாட்டுவார். மருந்துக் குப்பியின் மூடிகளைக்கூட எண்ணி வாங்குவார். இருந்தது ஒரு மூடிதான், இருந்தாலும் எண்ணுவார்.

அறையில் இன்னொருவனும் உண்டு. தீராத குளிர்க்காய்ச்சல்காரன். மூலையில் சுவரைப் பார்த்தபடி, தலை வரை போர்த்திக்கொண்டு கிடப்பான்.

"அவனை விடுங்க ஐயா, வாயில்லாப் பூச்சி," என்பான் மெருகு. பிறகு தேய்க்க ஆரம்பிப்பான்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

தாலாட்டு கெட்டது போங்கள். வார்டருக்குக் கண் செருகும். சில ஞாயிறுகளில் குறட்டையே வந்துவிடும்.

"என்னடா, வர வர ரொம்ப நேரம் தேய்க்கிறே?"

"அடியில எல்லாம் கல்லு ஐயா. பொறுமையா அரிச்சுத்தான் எடுக்கணும். அவசரப்பட்டா இடிஞ்சு விழுந்திடும்."

"நகம் எப்படிடா இடிஞ்சு விழும்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் ஐயா."

மழைக்காலம் போய் வெயில் வந்த ஒரு ஞாயிறு, மெருகு அவரை உலுக்கினான். "கண்ணைத் திறங்க ஐயா. வந்தாச்சு."

நகத்தின் அடியில், சதையை ஒட்டி, நூல் அளவுக்கு ரோஜா நிறத்தில் ஒரு பிறை.

வார்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "இது... என்னோடதா?"

"உங்க உடம்பு போட்டதுதான்."

பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் டார்ச் அடித்து மனைவிக்குக் காட்டினார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தவள், கையை எடுக்க மறந்து, வாயையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து 'டேய்' போய்த் 'தம்பி' வந்தது. பிறை வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. யாரோ உள்ளிருந்து புதுக் கண்ணாடிக் கதவு ஒன்றை, துளிச் சத்தம் இல்லாமல், முன்னால் தள்ளிக்கொண்டு வருவதுபோல. மஞ்சள் நகம் ஓரம் ஓரமாக ஒதுங்கிக்கொண்டே போயிற்று. உள்ளே போட்டால் எதுவும் திருந்தாது என்றே பணிக்காலம் முழுக்க நம்பிய மனிதர், தன் பெருவிரலைப் பார்த்து அந்த நம்பிக்கையை மாற்றிக்கொண்டார்.

தகுதித் தேர்வுக்கு முந்தைய நாளும் ஞாயிறாகவே வாய்த்தது. மஞ்சளின் கடைசித் துணுக்கையும் தேய்த்துத் தள்ளிவிட்டு, மெருகு அவர் காலை மெல்லத் திருப்பிக் காட்டினான்.

"முடிஞ்சுது ஐயா."

முத்துச் சிப்பியின் உட்புறம் மாதிரி மின்னியது நகம். வார்டருக்கு எட்டாத தன் காலைத் தானே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

"தம்பி... உன் கையில என்னமோ இருக்குடா."

"என் கையில ஒண்ணுமே இல்லை ஐயா," என்று மெருகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான்.

உண்மைதான். அரம் எப்போதோ வார்டரின் மடிக்கு வந்துவிட்டிருந்தது. ஆனால் சர்ர், சர்ர் என்ற சத்தம் மட்டும் மூலையில் இருந்த போர்வைக்கு அடியிலிருந்து அதே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. கூடவே, ஜன்னலே இல்லாத அந்தச் சுவர்ப் பக்கமிருந்து, புது நகத்தின்மேல் சிலுசிலுவென்று வெளிக்காற்றும்.