வலதுக்கு ஒன்று, இடதுக்குப் பூஜ்யம்

தீராத தலைவலிக்காரர்கள் ஒரு குழு, வலியே அறியாதவர்கள் இன்னொரு குழு. இரண்டு குழுக்களின் மூளைப் படங்களையும் ஒப்பிடுவதுதான் எங்கள் ஆய்வு. வயது என்ன, வலக்கையா இடக்கையா என்பவற்றால் வரும் வித்தியாசத்தை முதலில் கழித்துவிட வேண்டும், மிஞ்சுவதுதான் வலி என்பார் பேராசிரியர் ரங்கபாஷ்யம். வலதுக்கு ஒன்று, இடதுக்குப் பூஜ்யம் என்று கணினியில் நான் போட்டுக்கொண்டு வருவேன்.

“எழுதுறது எந்தக் கை?” என்று பொற்கொடியைக் கேட்டேன். தலைவலிக் குழுவில் கடைசியாக வந்தவள்.

“இப்ப வலது. பீச்சாங்கைல எழுதுறியான்னு ஸ்கேல் ஒடையிற வரைக்கும் அடிச்சு மாத்துனாங்க.”

“அப்ப ஒண்ணு போடு,” என்றார் பேராசிரியர் என்னிடம்.

“கை என்னோடது சார். என்னைக் கேட்டுட்டுப் போடுங்க,” என்றாள் அவள். நான் ஒன்று போட்டேன்.

ஸ்கேன் குழாய்க்குள் அவளைப் படுக்கவைத்து வலது கையில் ஒரு பட்டனைக் கொடுத்தோம். விளக்கு எரியும்போதெல்லாம் அதை அழுத்த வேண்டும். வலது கை அசைந்தால் மூளையின் இடது பாதி ஒளிரும். திரையில் வலது பாதி ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால், பட்டன் இடது கைக்கு மாறியிருந்தது.

பேராசிரியர் மைக்கைப் பிடுங்கினார். “வலது கையால அழுத்துங்கம்மா!”

“முப்பது வருஷமா அதைத்தான் சார் செஞ்சேன்,” என்று ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. “அதுலேர்ந்துதான் தலை வலிக்குது.”

அவர் என் பக்கம் திரும்பினார். “பரவாயில்ல, கணக்குல கழிச்சிடலாம்.”

நான் அந்த ஒன்றை அழித்தேன். “எதை சார்? கையையா, வலியையா?”