நான்கு நாள் அல்லி

தாய்லாந்தின் உடோன்தானி ஏரியில் சிவப்பு அல்லிகள் பொழுது சாய்ந்ததும் விரியும். மறுநாள் பத்து மணி வெயிலுக்கு மூடிக்கொள்ளும். அதற்குள் சுற்றுலாக்காரர்களைப் படகில் கூட்டிப்போய்க் காட்டிவிடுவாள் லம்துவான்.

அவள் கணவன் பிரசோங் படகிலிருந்து ஏரிக்குள் தவறி விழுந்தான். கரையேறியதிலிருந்து மூன்று நாளாக அவனும் அப்படித்தான். சாயங்காலம் கண் திறப்பான். இரவெல்லாம் சிரித்துப் பேசுவான். காலை பத்துக்கு, சோற்று உருண்டை கையிலிருக்கும்போதே உறங்கிவிடுவான். மேகம் மூடியிருந்த அன்று மட்டும் பன்னிரண்டு வரை விழித்திருந்தான்.

"நல்ல சோம்பேறியாப் பார்த்துக் கட்டிக்கிட்டேடி," என்றாள் பக்கத்து வீட்டு பூன்லாய். "உசுரு தண்ணியிலயே தங்கிடுச்சோ என்னவோ. கையில நூல் கட்டிக் கூப்பிடு."

லம்துவானை உறுத்தியது வேறு. ஓர் அல்லி நான்கு நாள்தான் விரியும். பிறகு காம்பு அதை நீருக்குள் இழுத்துக்கொள்ளும்.

நான்காம் நாள் விடியலில், படகுக்குக் கிளம்புமுன், அவன் மணிக்கட்டில் வெள்ளை நூலைக் கட்டி, மறுமுனையைத் தூணில் முடிந்தாள்.

"நான் என்ன எருமையா?"

"எங்கயாவது போனா ரெண்டு தடவை இழு."

"உத்தரவு, எஜமானி."

பத்தரைக்குத் திரும்பினாள். பாயில் அவன் இல்லை. தூணிலிருந்து நூல் விறைப்பாகப் போய், விரல்கூட நுழையாத தரைப்பலகை இடுக்கில் இறங்கியிருந்தது. மரக்கால்கள்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் கோழி மேயும் காய்ந்த மண்தான். கீழே இறங்கிக் குனிந்து பார்த்தாள். நூல் நேராக அந்த மண்ணுக்குள் போயிருந்தது. கோழிகள் சுற்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

தொட்டாள். நூல் ஈரமாக இருந்தது.

கீழிருந்து இரண்டு தடவை இழுத்தது.