முப்பதாவது தோள்

பரிதியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள் அங்கயற்கண்ணி.

"அக்கா, விடுங்க! நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன்."

"என்னோட சேர்த்து இருபத்தொன்பது பேர் நிக்கிறோம். ஒரே ஒரு தலை குறையுது. உனக்கு வேடிக்கையாடா?"

அமெரிக்காவின் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில், ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்காரர்கள் கூடியிருந்தார்கள். வாக்குச்சீட்டெல்லாம் கிடையாது. யாரை ஆதரிக்கிறோமோ அவருடைய மூலையில் போய் நிற்க வேண்டும். முப்பது பேர் சேராத மூலையைக் கலைத்துவிடுவார்கள். சேர்ந்துவிட்டால் அங்கிருந்து ஒருவர் மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போகலாம். அங்கயற்கண்ணியைத்தான் அனுப்புவதென்று அவள் மூலையில் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். இருபது வருடமாக அவள் காத்திருந்த இடம் அது.

விசில் ஒலித்தது. கூட்டத் தலைவர் ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"ஏண்டா இப்படி வேர்த்து ஊத்துது? உன் கல்யாணத்துல தாலி கட்டுறப்பகூட நீ இவ்வளவு நடுங்கலையே!" என்று சிரித்தாள் அங்கயற்கண்ணி.

இருபத்தேழு. இருபத்தெட்டு. அவள் தோளைத் தொட்டு இருபத்தொன்பது என்றார் தலைவர். அடுத்து அவர் கை நீண்டபோது பரிதி சட்டென்று பின்வாங்கினான்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. குடியுரிமை கிடைச்சிடுச்சுன்னு போன வருஷம் எனக்கு கேக் வெட்டினீங்களே... அந்தப் பரீட்சையில நான் பாஸே பண்ணலை."