அளவுச் சட்டை

"சீட் பெல்ட் அறுந்துறாதே தம்பி?" மூன்றாவது முறையாகக் கேட்டாள் கண்ணாத்தாள்.

"லாரியைக் கட்டி இழுத்தாலும் அறாதும்மா," என்றான் மெக்கானிக் சேவுகன். மெட்ராஸில் நடக்கும் கால் மைல் ரேஸுக்காக அந்தப் பழைய கார் அவனுடைய புதுக்கோட்டை ஒர்க்ஷாப்பில் தயாராகியிருந்தது. "வண்டி உருண்டாலும் தலை தப்பிக்க இரும்பு வளையம் போட்டிருக்கேன்."

"பிரேக்கு?"

"புதுசு. எஞ்சினைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறீங்களே!"

அவள் சிரிக்கவில்லை.

ஓட்டுகிறவன் வெளியூரில் இருந்ததால், அவள் கொண்டுவந்த சட்டையை வைத்துத்தான் சேவுகன் பெல்ட்டுக்கு அளவெடுத்திருந்தான்.

மதியம் முத்துராமன் வந்து சீட்டில் உட்கார்ந்தான். பெல்ட் தொளதொளவென்று தோளிலிருந்து நழுவியது.

"என்னம்மா, பெத்த மகனோட அளவு தெரியாமயா சட்டை கொண்டாந்தீங்க?" என்றான் சேவுகன்.

"அது எம்மகன் அளவுதாம்ப்பா. இவன் அவனோட கூட்டாளி. போன வருசம் அறந்தாங்கி ரோட்டுல இந்த வண்டி உருண்டப்ப ஓட்டுனது இவன். பக்கத்துல உக்காந்திருந்தது எம்மகன்."

முத்துராமன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"அவன் ஆசைப்பட்ட ரேஸுக்குத்தான் இவன் போறான். இவன் சட்டை ஒண்ணும் எங்க வீட்டுல கெடந்துச்சு. அதை எடுக்கப் போன கை, தன்னால இதை எடுத்துருச்சு," என்றபடி சட்டையை வாங்கி மடித்துக்கொண்டாள் கண்ணாத்தாள். "இவனுக்குத் தக்கன இறுக்கிக் குடுப்பா. இவனும் அவுக ஆத்தாளுக்கு ஒத்தப் புள்ள."