குஞ்சு வண்டிக்கு வந்த சக்கரங்கள்

கோழிக்குஞ்சு ஏற்றும் ஒரு குட்டி லாரிக்கு, வேறொரு வண்டியின் பழைய சக்கரங்கள் நான்கை வாங்கி மாட்டினார்கள். போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தின.

"எந்த வண்டியில இருந்தீங்க?" என்று கேட்டது அடியில் தொங்கிய ஸ்டெப்னி.

"ஏதோ ஒரு வண்டி" என்று மழுப்பியது முன்சக்கரம். அவை அமரர் ஊர்தியில் ஓடியவை. தெரிந்தால் அபசகுனம் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம்.

டிரைவர் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வண்டியை எடுத்தார். சக்கரங்கள் பழைய பழக்கத்தில், பறைமேளத்துக்குப் பின்னால் போவதுபோல அலுங்காமல் உருண்டன.

லாரிக்கு ஆச்சரியம். "தினமும் குலுங்கிக் குலுங்கிப் பாதிக் குஞ்சு மயங்கிடும். இன்னிக்கு எல்லாமே தெம்பா இருக்கு. இதுக்கு முன்னாடி யாரை ஏத்திட்டுப் போனீங்க?"

முன்சக்கரம் உண்மையைச் சொல்லிவிட்டது.

"ஐயையோ, பிண வண்டியா!" என்று அலறியது ஸ்டெப்னி.

லாரி கொஞ்சம் யோசித்தது. "ஏறினவங்க யாராவது குறை சொன்னாங்களா?"

"ஒருத்தர்கூட இல்லை."

"அப்புறம் என்ன? ஓடு."

மேலே பெட்டிகளுக்குள் குஞ்சுகள் ஓயாமல் கத்தின.

"எதுக்கு இந்தக் கத்துக் கத்துறாங்க?" என்று கேட்டது முன்சக்கரம்.

"பசி" என்றது லாரி.

"கத்தட்டும், கத்தட்டும்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே அது உருண்டது.