ரெண்டு பேர் படுக்கிற கூடாரம்

"மொதல்ல அவ பையக் கீழ எறக்கு" என்றாள் பரக்கத் நிஷா.

வேனில் ஜன்னலோரம் இடம்பிடித்து உட்கார்ந்திருந்த ஷஹீனா, அது வேறு யாருடைய பையோ என்று நினைத்தாள். கொழுந்தன் அஃப்ரீத் அவளுடைய நீலப் பையைத் தூக்கி வாசற்படியில் வைத்த பிறகுதான் திரும்பி மாமியாரைப் பார்த்தாள்.

மாமியார் அவளைப் பார்க்கவில்லை. பிரியாணி தேக்சாவை எந்தப் பக்கமாக ஏற்றலாம் என்று வேனை அளந்துகொண்டிருந்தாள்.

இந்தப் பயணமே ஷஹீனாவுக்காகப் போட்டதுதான். நிக்காஹ் முடிந்த கையோடு சவூதிக்குப் போன சபீர், இப்போதுதான் முதல் லீவில் சொந்த ஊரான வீரசோழனுக்கு வந்திருந்தான். வந்ததும் ஆசையாகத் தங்கள் அறையில் ஏசி மாட்டினான். தப்பு அங்கேதான் நடந்தது.

வெளியே கருவேலங்காடு கருகுகிற வெயில். வீடே அந்த ஓர் அறைக்குக் குடிவந்துவிட்டது. கட்டிலில் நாத்தனார் ஃபாயிஸாவும் அவள் பிள்ளைகளும், தரையில் அஃப்ரீத், கதவோரம் மாமியார். பக்கத்து வீட்டு முகம்மது சுல்தான் சச்சா மதியத் தூக்கத்துக்குத் தலையணையோடு வந்துவிடுவார். புருசனும் பெண்டாட்டியும் கண்ணால்தான் பேசிக்கொண்டார்கள். அதையும் சச்சா தூங்குகிற பாவனையில் கவனித்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் சபீர் தேக்கடிக்குக் கிளம்பத் தீர்மானித்தான். தேசியப் பூங்காவை ஒட்டிய தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கலாம். கூடாரம் சவூதியிலிருந்தே வாங்கி வந்தது, ரெண்டு பேர்தான் படுக்க முடியும். அவளுக்கு அதை விரித்துக் காட்டினான். விரித்த மறுநிமிடம் ஃபாயிஸாவின் பிள்ளைகள் உள்ளே புகுந்து, "நாங்களும் வாரோம் மாமா" என்றார்கள். காருக்குப் பதிலாக வேன் வந்தது அப்படித்தான்.

வரட்டும், எல்லாரும் வரட்டும் என்று ஷஹீனா மனதைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த வாரம் அவன் விமானம் ஏறிவிடுவான். அதற்குள் அந்தச் சின்னக் கூடாரம் போதும்.

"மாமி, தேக்சாவ நான் மடியில வச்சுக்கிறேன்" என்றாள் இப்போது.

"நீ வரல. ஆடு செனையா இருக்கு. இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போட்ரும். வீட்டுல ஆளு வேணும்."

ஃபாயிஸா கொட்டிலை எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, வயிறு ஒட்டிப்போயில்ல கெடக்கு?"

"ஒனக்கு ஆறு மாசம் வரைக்கும் எனக்கே தெரியல. பேசாம ஏறு."

வேன் கூரையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சபீர் குனிந்தான். "என்னம்மா இது. அவ இல்லாம நான் மட்டும் போயி என்ன செய்ய?"

"ஒன்ன யாரு போகச் சொன்னா? அவளுக்கு ஆட்டுக்கு எது தலை, எது வாலுன்னே தெரியாது. நீயும் எறங்கு."

"நான் அங்க ஏசி மெக்கானிக்கும்மா. ஆட்டு டாக்டரு இல்ல."

"அப்ப ஆட்டுக்கு ஏசியப் போட்டு விடு."

முன் சீட்டிலிருந்து சச்சா தொண்டையைச் செருமினார். "மதினி, நான் வேணா இருந்துக்கிறேன். ஆடு விசயம் எனக்கு நல்லாத் தெரியும். ஏசி ரூம்புலயே ஒரு ஓரமாக் கெடந்துக்குவேன்."

"நீங்க எறங்கிட்டா டிரைவருக்கு வழி யாரு சொல்றது? அசையாம உக்காருங்க."

டிரைவருக்கு வழி தெரியும்.

அஃப்ரீத் கூடாரப் பையைத் தூக்கினான். "அப்ப இத எறக்கிரவாம்மா?"

"அத எதுக்குடா எறக்குற? அதுல நானும் ஒங்க அக்காவும் படுத்துக்குவோம்."

ஷஹீனாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வேறு வழியில்லாமல் இறங்கினாள். அவள் விட்ட ஜன்னலோரத்தில் தேக்சாவைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் மாமியார் ஏறி உட்கார்ந்தாள். கையில் எலுமிச்சம்பழம். அருப்புக்கோட்டை டவுன் பஸ்ஸுக்கே வாந்தி எடுக்கிற மனுசி. மருமகளுக்கு அந்தக் கூடாரம் கிடைக்கக் கூடாது என்று தன் குடலையும் பணயம் வைத்து மலையேறுகிறாளே என்று ஷஹீனாவுக்கு வயிறு எரிந்தது.

சபீர் மேலிருந்து குதித்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கொட்டிலுக்குப் போய் ஆட்டை முறைத்துக்கொண்டு நின்றான். ஆடும் அவனை முறைத்தது.

"டாட்டா மாமி" என்று பிள்ளைகள் கையாட்டினார்கள். ஷஹீனா பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. வேன் உறுமி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்தது. நகர்ந்த வேன் மறுபடி நின்றது.

"ஏய் புள்ள, இங்க வா" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

இன்னும் என்ன திட்டு பாக்கியோ என்று ஷஹீனா போனாள். பரக்கத் நிஷா தேக்சாவுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்குள் குரலை இறக்கினாள்.

"திங்கக்கெழம வரைக்கும் இதுல ஒண்ணையும் வீடு திரும்ப விடமாட்டேன். போயி கதவச் சாத்து."