சுற்றி வரும் சத்தம்

மேலே மாடி எடுப்பதற்குமுன் தூண்களைச் சோதிக்க வந்தவர், கூடத்துத் தூணின் ஒரு பக்கம் சத்தம் அனுப்பும் கருவியை வைத்தார். அவருடைய உதவியாள் வராததால் மறுபக்கத்தில் அதை வாங்கும் கருவியை ரெஜினா அழுத்திப் பிடித்திருந்தாள். கருவியில் தடவியிருந்த கிரீஸ் விரல்களில் வழுக்கியது. "அசையாதீங்கம்மா. உள்ள கெட்டியா இருந்தா சத்தம் நேரா உங்க கைக்கு வந்துடும். பொந்து இருந்தா சுத்திக்கிட்டு லேட்டா வரும்." இடுப்பு உயரத்தில் வைத்தபோது கருவியின் திரையில் சத்தம் வந்துசேரும் நேரம் கூடியது. துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி வைத்தார். அதேதான். சாக்பீஸால் வட்டம் போட்டார். ரெஜினாவின் கணவர் சேவியர் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வீட்டைக் கூடவே நின்று கட்டியவர் அவர். அப்போது அவள் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "ஏங்க, இந்தத் தூணுக்கு கான்கிரீட் போட்ட அன்னிக்கு நீங்க இங்கதானே இருந்தீங்க?" சேவியர் ஃபேனின் வேகத்தைக் கூட்டினார். டீ ஆறுகிறது என்று வந்தவரிடம் சொன்னார். அன்றைக்கு நல்ல மழை என்றார். மேஸ்திரியின் பெயரை யோசித்தார். பிறகு, "இங்கதான் இருந்தேன்" என்றார். "போதும்மா, எடுத்துடுங்க" என்றார் வந்தவர். ரெஜினா கையை எடுக்கவில்லை.